‘குழு லோன்’ என்றால் என்ன? மகளிர் சுய உதவிக் குழுவைப் புரிந்துகொள்ள ஒரு எளிய விளக்கம்

“குழுவுல லோன் எடுத்திருக்கேன்” என்று ஒருவர் சொன்னால், எந்தக் குழு என்று மேலும் இரண்டு கேள்வி கேட்டால்தான் தெரியும். தமிழக அரசின் மகளிர் திட்டத்தின் கீழ் தொடங்கிய சுய உதவிக் குழுவாக இருக்கலாம். வாரா வாரம் கலெக்‌ஷனுக்கு ஆள் வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் குழுவாக இருக்கலாம். தெருவில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போடும் சீட்டாகக்கூட இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே பேச்சுதான்: குழு.

இந்தக் குழப்பத்தால் நடைமுறையில் கேடு விளைகிறது. மைக்ரோ ஃபைனான்ஸ் ஆட்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்த செய்தியைப் படித்துவிட்டு, “சுய உதவிக் குழுவே பெண்களைக் கடனில் தள்ளுகிற வேலை” என்று எழுதுகிறார்கள். இன்னொரு பக்கம், “அரசாங்கம் குழுவுக்குப் பணம் கொடுக்கிறது, கட்டாவிட்டாலும் தள்ளுபடி ஆகிவிடும்” என்று நம்பிச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்கொடை கொடுக்க நினைக்கும் நல்ல மனிதர்களோ, “தொண்டு நிறுவனம் ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுக்கிறதாம்” என்று புரிந்துகொள்கிறார்கள். மூன்றுமே தவறு. குழு எப்படி இயங்குகிறது, அதில் தொண்டு நிறுவனத்தின் வேலை எது, பிள்ளைகளின் படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சீட்டிலிருந்து தொடங்கலாம்

குலுக்கல் சீட்டு நமக்குத் தெரியும். பதினைந்து பேர் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போடுகிறார்கள். அந்த 15,000 ரூபாயும் அந்த மாதமே ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. அடுத்த மாதம் இன்னொருவர். பதினைந்தாவது மாதம் சீட்டு முடிகிறது, கணக்கும் முடிகிறது. ஏலச் சீட்டாக இருந்தால், அவசரம் உள்ளவர் அதிகத் தள்ளு கொடுத்து முதலில் எடுப்பார்; யாருக்கு நெருக்கடி அதிகமோ அவருக்குத்தான் நஷ்டமும் அதிகம்.

சுய உதவிக் குழுவும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது: ஒரே தெரு, தெரிந்த முகங்கள், மாதாமாதம் ஒரு தொகை. ஆனால் இரண்டு விஷயங்களில் பிரிந்துவிடுகிறது. முதலாவது, போட்ட பணம் காலியாவதில்லை. பொதுவில் சேர்ந்துகொண்டே போகிறது. இரண்டாவது, யாருக்கு எப்போது பணம் என்பதைக் குலுக்கலும் ஏலமும் முடிவு செய்வதில்லை. உட்கார்ந்து பேசி, தேவையைக் கேட்டு, உறுப்பினர்களே முடிவு செய்கிறார்கள்.

அதனால் வரையறை இதுதான்: பொதுவாக பத்து முதல் இருபது பேர் தங்கள் சேமிப்பைப் பொதுவில் சேர்த்து, அதைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்து, வட்டியையும் பொதுவிலேயே வைத்துக்கொள்ளும் சங்கம்தான் சுய உதவிக் குழு. இருபதைத் தாண்டாததற்கும் காரணம் உண்டு. 1956-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, லாபம் கருதிச் செயல்படும் அமைப்பில் இருபது பேருக்கு மேல் இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடக்காமல் கிராமத்துப் பெண்கள் தாங்களே நடத்திக்கொள்ள அந்த எண்ணிக்கை வசதியாக இருந்தது. பின்னர் வந்த சட்டத்தில் வரம்பு மாறிவிட்டது. குழுவின் அளவு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

பணம் எப்படிச் சுழல்கிறது

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். உதாரணத்துக்கு, பதினைந்து பேர் உள்ள குழு. மாதச் சேமிப்பு ஆளுக்கு 100 ரூபாய். மாதம் 1,500 ரூபாய் சேர்கிறது. மூன்றாவது மாதம் கையில் 4,500 ரூபாய். அப்போது ஒரு பெண், ஆட்டுக்குட்டி வாங்க 3,000 ரூபாய் கேட்கிறார். குழு ‘ரெண்டு வட்டி’க்குக் கொடுக்கிறது, அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். பத்துத் தவணை.

முதல் மாதம் அவர் கட்டுவது அசல் 300, வட்டி 60. அடுத்த மாதம் பாக்கி 2,700 ரூபாய்தான் என்பதால் வட்டி 54. அதற்கடுத்து 48. இப்படி இறங்கி, பத்தாவது மாதம் வட்டி வெறும் 6 ரூபாய். மொத்த வட்டி 330 ரூபாய். பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைவதால் இதற்கு இறங்கு வட்டி என்று பெயர்.

இதே 3,000 ரூபாயை இதே ரெண்டு வட்டிக்கு ‘ஃபிளாட்’டாகக் கொடுத்தால், பாக்கி குறைந்தாலும் மாதாமாதம் 60 ரூபாய் கட்ட வேண்டும். பத்து மாதத்துக்கு 600 ரூபாய். வாயால் சொல்லும் வட்டி ஒன்றுதான், கையிலிருந்து போவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இறங்கு வட்டிக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய மூன்றரை வட்டிக்குச் சமம். கடன் வாங்கும்போது “எத்தனை வட்டி?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “மொத்தம் எவ்வளவு கட்டணும்?” என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

இனி முக்கியமான இடம். அந்த 330 ரூபாய் யாருக்குப் போகிறது? குழுவுக்கு. குழு யார்? அந்தப் பதினைந்து பேரும்தான், கடன் வாங்கிய பெண்ணும் சேர்த்து. அவர் கட்டிய வட்டியில் 22 ரூபாய் அவருடையது. வெளியில் வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டி ஊரைவிட்டே போய்விடும். குழுவுக்குக் கட்டும் வட்டி இன்னொரு பெண்ணின் அடுத்த கடனாகத் திரும்பி வரும். குழுவுக்குள்ளேயே கொடுத்து வாங்கும் இந்தக் கடனை உள்கடன் என்கிறார்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

சுருக்கமாக: குழுவின் முதல் பணம் உறுப்பினர்களின் சொந்தப் பணம். அரசும் வங்கியும் தொண்டு நிறுவனமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கூட்டமும் நோட்டும்

நல்ல குழுவையும் நலிந்த குழுவையும் பிரித்துச் சொல்ல, கடன் தொகையைப் பார்க்க வேண்டியதில்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். நான் உட்கார்ந்து பார்த்த கூட்டங்களில் நல்லவை எல்லாம் ஒரே மாதிரிதான் நடக்கும். கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். போன கூட்டத்தின் தீர்மானத்தை ஒருவர் உரக்கப் படிப்பார். சேமிப்பையும் தவணையையும் ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் எண்ணி வைப்பார்கள். குழுவின் கணக்கைப் பார்க்கும் ஊக்குநர் அவரவர் பாஸ்புக்கில் பதிந்து, வாசித்துக் காட்டி, திருப்பிக் கொடுப்பார். பிறகு கடன் கேட்பவர்கள் பேசுவார்கள்.

தீர்மானப் புத்தகத்தில் அது இந்தப் பாணியில் பதிவாகும்: “தீர்மானம் 3: நமது குழு உறுப்பினர் தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ரூ. 5,000 கடன் கேட்டார். பத்து மாதத் தவணையில் திருப்பிச் செலுத்துவதாகக் கூறியதன்பேரில், ஏகமனதாக வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.” கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பிறகு அத்தனை பேரின் கையெழுத்தும். கைநாட்டு வைத்தவர் மூன்று பக்கம் தள்ளி நடுங்கும் எழுத்தில் தன் பெயரை எழுதியிருப்பதைப் பார்க்க நேர்ந்தால், அந்தக் குழு உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம்.

இதில் அடங்கியிருக்கும் ஐந்து பழக்கங்களுக்குப் பஞ்ச சூத்திரம் என்று பெயர்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவறாத திருப்பிச் செலுத்துதல், தவறாத கணக்கு எழுதுதல். வங்கிகள் குழுவைத் தர மதிப்பீடு செய்யும்போது பார்ப்பதும் இவற்றைத்தான். நோட்டு ஒரே ஆளின் வீட்டில் முடங்கி, கூட்டம் நடக்காமலேயே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து மட்டும் வாங்கப்படுகிறது என்றால், அந்தக் குழு கடன் வாங்குவதற்காக மட்டும் இருக்கிற குழு. அப்படியும் நிறைய இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இது எங்கிருந்து வந்தது

1980-களின் நடுவில், கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. தலைவர்கள்மேல் நம்பிக்கை போய் அந்தச் சங்கங்கள் உடைந்தன. ஆனால் உறுப்பினர்களில் சிலர் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து வந்து, வாங்கிய கடனைச் சங்கத்துக்குக் கட்டாமல் மைராடாவிடமே கட்டிவிடுகிறோம் என்றார்கள். எங்களுக்கு வேண்டாம், உங்களுக்குள்ளேயே வைத்துச் சுழற்றிக்கொள்ளுங்கள் என்றது நிறுவனம். பெரிய சங்கத்தில் வராத நம்பிக்கை, ஒருவரையொருவர் தெரிந்த சிறு கூட்டத்தில் வந்தது. 1987-இல் நபார்டு (வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி), இந்தக் குழுக்களின் சேமிப்புக்கு ஈடாகப் பணம் சேர்க்க மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை நபார்டு தொடங்கியது.

தமிழ்நாட்டின் கதை இதற்கு இணையாகவே ஓடியது. பெண்கள் மேம்பாட்டுக் கழகம் 1983-இல் உருவானது. 1989-இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் பெண்கள் குழுக்கள் தொடங்கப்பட்டு, பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தன. அந்த அனுபவத்திலிருந்து 1997-98-இல் மகளிர் திட்டம் பிறந்தது. குழுக்களைத் திரட்டி, பயிற்சி கொடுத்து, கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்த வேலையைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் செய்தன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தான் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கம் போன்றவை குழு, தொகுதி, வட்டாரம் என்று மூன்று அடுக்குகளாகக் கட்டி, மேல் அடுக்குகளையும் உறுப்பினர்கள் கையிலேயே கொடுத்தன. 2011-இல் மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்த பிறகு, குழு அமைக்கும் வேலை பெருமளவு அரசின் கைக்குப் போய்விட்டது.

வங்கி எப்போது வருகிறது

குழு தொடங்கியதும் அதன் பெயரில் வங்கியில் சேமிப்புக் கணக்கு திறக்கிறார்கள். சுமார் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தர மதிப்பீடு நடக்கும். தேறினால் முதலில் சுழல் நிதி கிடைக்கும். குழுவின் பொதுப் பணத்தோடு சேர்த்துச் சுழற்றுவதற்காக அரசு கொடுக்கும் தொகை அது. வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது ஒரு குழுவுக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் என்று இருந்தது. “அரசாங்கம் கொடுக்கிற பணம்” என்று ஊரில் பேசுவதில் உண்மையாகவே அரசுப் பணமாக இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். ஆள் கணக்குக்குப் பிரித்துப் பார்த்தால் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

அடுத்தது வங்கி இணைப்பு. வங்கி தன் பணத்தைக் குழுவுக்குக் கடனாகக் கொடுக்கிறது. உறுப்பினருக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. குழுதான் அதை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வசூலித்து, வங்கிக்குக் கட்டும். நகை அடமானமோ பத்திரமோ கேட்கக்கூடாது. குழுவின் நடத்தைதான் பிணை. பெண்கள் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத ஆண்டு வட்டியில் கடன் கொடுக்கும் சலுகையும் இருக்கிறது.

கடனைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு. கூட்டுறவு நிறுவனங்களில் 31.3.2021 அன்று நிலுவையில் இருந்த சுய உதவிக் குழுக் கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட தேதிக்கு, குறிப்பிட்ட நிறுவனங்களின் கடனுக்கு நடந்தது. உள்கடனைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாலும் முடியாது. அது பக்கத்து வீட்டு அக்காவின் பணம். தள்ளுபடியை எதிர்பார்த்து எல்லோரும் கட்டாமல் இருந்தால், முதலில் கரைவது உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்புதான்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழு வேறு

சிறு தொகைக் கடனைப் பிணையில்லாமல் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ். வங்கதேசத்தின் கிராமின் வங்கி 1976-இல் சோதனையாகத் தொடங்கி, 1983-இல் வங்கியாக மாறியது. ஐந்து பேர் கொண்ட குழு என்ற முறையைப் பரப்பியது அதுதான். இந்தியாவில் இன்று இந்தக் கடனைத் தருபவர்களில் பலர் லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகள். அதனாலேயே அவர்கள் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. அவசரத்துக்குப் பத்திரம் கேட்காமல் பணம் கிடைப்பது சின்ன விஷயமும் அல்ல.

ஆனால் இயக்கம் தலைகீழ். சுய உதவிக் குழுவில் பணம் உள்ளிருந்து தொடங்குகிறது, இங்கே வெளியிலிருந்து வருகிறது. அங்கே வட்டி குழுவுக்குள் நிற்கிறது, இங்கே கம்பெனிக்குப் போகிறது. அங்கே யாருக்கு எவ்வளவு என்று குழு முடிவு செய்கிறது, இங்கே கம்பெனி. இங்கே குழு எதற்கு இருக்கிறது என்றால் பொறுப்பேற்கத்தான். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். இதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர். “சென்டர் மீட்டிங்” என்று நடக்கும் கூட்டத்தில் வசூல் நடக்கும். பேச்சு நடப்பது அரிது.

கூட்டுப் பொறுப்பு எங்கே போய் முட்டும் என்பதை 2010-இல் ஆந்திராவில் பார்த்தோம். ஒரே குடும்பத்துக்குப் பல கம்பெனிகள் கடன் கொடுத்து, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கும் நிலை உருவாகி, வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு, 2011-இன் இறுதியில் அந்த வங்கி இந்தக் கம்பெனிகளைத் தனி வகையாக்கி விதிகள் வகுத்தது.

சுருக்கமாக: சுய உதவிக் குழுவில் நீங்கள் பங்குதாரர். மைக்ரோ ஃபைனான்ஸில் வாடிக்கையாளர், கூடவே பக்கத்து வீட்டாருக்கு ஜாமீன்.

கடன் கொடுத்தால் தொழில் வந்துவிடுமா

நல்லெண்ணம் உள்ளவர்கள்கூடச் சறுக்கும் இடம் இது. “ஒரு பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் தொழில் தொடங்குவாள், வறுமை ஒழியும்” என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஹைதராபாத்தில் நடந்தது உட்பட, ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2015-இல் சேர்ந்து வெளியாயின. சிறுகடன் சிலருக்குத் தொழிலைப் பெருக்க உதவியது, பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்க வழி கொடுத்தது. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வருமானத்தைப் பெரிதாகத் தூக்கிவிடவில்லை என்பதே அவற்றின் சாரம்.

கிராமத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குழுவில் முதல் கடன் பெரும்பாலும் தொழிலுக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம், அடகு வைத்த கம்மலை மீட்பது, வெளிக் கடனை அடைப்பது. “கடனை வாங்கி வீட்டுச் செலவு பண்ணிட்டாங்க” என்று அதிகாரிகள் குறை சொல்வார்கள். என் பார்வையில் அது குறையே அல்ல. அஞ்சு வட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய் வட்டி. அதைக் குழுவின் ரெண்டு வட்டிக்கு மாற்றினால் 200. மாதம் 300 ரூபாய் மிச்சம், ஒரு முதலீடும் இல்லாமல், ஒரு நஷ்ட பயமும் இல்லாமல். கூலிக் குடும்பத்துக்கு இவ்வளவு நிச்சயமான லாபம் தரும் தொழில் எது?

தொழில் வேண்டுமென்றால் கடனோடு வேறு பலவும் வேண்டும். பால் மாடு வாங்கினால் பால் எடுக்க சங்கம், சினைக்கு மருத்துவர், கோடையில் தீவனம் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மாடு கடனாகவே நிற்கும்.

குழுவுக்கே வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். மாதம் 100 ரூபாய் உறுதியாகக் கட்ட முடியாத தனித்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள், இடம்பெயர்ந்துகொண்டே இருப்பவர்கள். “இவங்க கட்ட மாட்டாங்க” என்று குழுவே அவர்களைச் சேர்க்காது. கூட்டுப் பணம் என்பதால் அந்தப் பயம் இயல்புதான். இவர்களுக்காக வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-இல் வேறு வழி ஒன்றைத் தொடங்கியது: கடனுக்குப் பதில் இலவசமாக ஆடோ மாடோ, சில மாதங்களுக்கு உணவுச் செலவுக்குப் பணம், வீடு தேடி வந்து வழிகாட்டும் பணியாளர், சேமிப்புப் பழக்கம், எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு ஆண்டுகள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்த முடிவுகளும் 2015-இல்தான் வந்தன. உதவி நின்று ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் நிலை மேம்பட்டே இருந்தது. பிகார் அரசு 2018-இலிருந்து தன் வாழ்வாதாரக் குழுக்கள் வழியாகவே இந்த முறையைச் செய்துவருகிறது.

படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு

கல்வித் தொண்டு என்றால் நோட்டும் பையும் கொடுப்பது என்றும், வாழ்வாதாரத் தொண்டு என்றால் ஆடு மாடு கொடுப்பது என்றும் பிரித்தே பேசுகிறோம். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது.

வட மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் பல, மழைக்கால வேலையின்மையில் சூளை முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ முன்பணம் வாங்குகின்றன. காய்ச்சலுக்கு, கல்யாணத்துக்கு, சில நேரம் அரிசிக்கே. பொங்கலை ஒட்டிச் சூளை தொடங்கியதும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கல் அறுத்து அந்தப் பணத்தைக் கழிக்க மழை வரும்வரை ஆகும். பள்ளிக்கூடத்தில் அது மூன்றாம் பருவம். திரும்பி வரும்போது ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். இரண்டு ஆண்டு இப்படிப் போனால் பிள்ளை பாடத்தில் பின்தங்கி, மூன்றாம் ஆண்டு பள்ளிக்கே வராது.

ஆசிரியர் ஏட்டில் அது ‘இடைநிற்றல்’ என்று பதிவாகிறது. பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தது மழைக்காலத்தில் வாங்கிய ஒரு கடன். முன்பணத்துக்காக ஆளைக் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் மீட்கப்பட்ட குடும்பத்துக்கும் அடுத்த மழைக்காலம் வரத்தான் செய்யும். அப்போது கை நீட்ட வேறு இடம் இல்லாவிட்டால் மீண்டும் சூளைதான்.

அந்த வேறு இடமாகக் குழு இருக்க முடியும். ஐப்பசி, கார்த்திகையில் ஆயிரம் இரண்டாயிரம் உள்கடன் கிடைத்தால் சூளை முன்பணத்தின் தேவை குறையும். ஆகவே இங்கே கல்வித் தொண்டு செய்ய விரும்பும் நிறுவனம் மாலைநேர வகுப்பு நடத்தட்டும். கூடவே அந்தக் குடியிருப்பில் ஒரு குழு நிற்கவும் உழைக்க வேண்டும். இடம்பெயர்ந்த பிள்ளைக்குப் போன இடத்துப் பள்ளியில் சேர உரிமை உண்டு என்பதையும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்காமல் இருக்க 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் சூளைக்கே போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

தொடர்பு மறுபக்கமும் உண்டு. தாய்மார்கள் எழுத்துக் கற்றால் குழு பலப்படும். புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இதற்கு நல்ல சாட்சி. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அதே காலத்தில் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கூலிக்குக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனபோது, கணக்கைப் படிக்கத் தெரிவது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த காரியமாகிவிட்டது.

அப்படியானால் தொண்டு நிறுவனம் என்ன செய்கிறது

பணம் உறுப்பினர்களுடையது, கடன் வங்கியுடையது, சுழல் நிதி அரசுடையது என்றால் தொண்டு நிறுவனத்துக்கு என்ன மிச்சம்? உழைப்பு. இரவு ஏழு மணிக்குத்தான் பெண்கள் வேலை முடிந்து வருவார்கள் என்பதால் அந்த நேரத்துக்குக் கூட்டத்துக்குப் போய் உட்காருவது. கணக்கு எழுதப் பத்தாவது படித்த ஒரு பெண்ணைத் தயார் செய்வது. வங்கி மேலாளர் “அடுத்த வாரம் வாங்க” என்று மூன்றாம் முறை சொல்லும்போது கூடப் போய் நிற்பது. இரண்டு உறுப்பினர்களுக்குள் சண்டை வந்து குழு உடையப் போகும்போது பேசி முடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, சேமிக்க முடியாதவர்களையும் ஒதுக்கப்பட்ட தெருவையும் விட்டுவிடாமல் சேர்ப்பது. ஒரு ஊரில் எத்தனை குழு என்று கேட்பதைவிட, காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் எத்தனை குழு என்று கேட்பது சரியான கேள்வி.

இந்த வேலையெல்லாம் வரவு செலவில் ‘சம்பளம்’, ‘பயணம்’, ‘பயிற்சி’ என்றுதான் தெரியும். நன்கொடையாளர்கள் இதைப் பார்த்து, “எங்கள் பணம் ஏழைகளுக்குப் போகவில்லையே” என்று வருந்துகிறார்கள். இந்த வகைத் தொண்டில் அந்தப் பணியாளர்தான் உதவி. அவர் கொண்டுபோய்க் கொடுக்கும் பொருள் வேறெதுவும் இல்லை. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. அந்த நிதியைப் பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்குப் பகிர்வதும் தடை செய்யப்பட்டது. முறைகேட்டைத் தடுப்பது நோக்கமாக இருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு ஒன்றியங்களில் மட்டும் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பணம் வரும் வழி அடைந்துபோனது, அந்தச் சின்ன அமைப்புகள்தான் தெருவை அறிந்தவை.

கையெழுத்துப் போடும் முன்

உங்கள் வீட்டில் ஒருவரோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவரோ ‘குழு லோன்’ எடுக்கப் போவதாகச் சொன்னால், முதலில் கடன் யாருடைய பணம், வட்டி யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். சுய உதவிக் குழுவாக இருந்தால் தீர்மானப் புத்தகத்தையும் வங்கிப் பாஸ்புக்கையும் பார்க்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு. காட்ட மறுத்தால் ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பில் கேட்கலாம். புதிதாகச் சேர விரும்புகிறவர்களும் அங்கேதான் போக வேண்டும்.

மைக்ரோ ஃபைனான்ஸ் கடனாக இருந்தால், 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி அவர்கள் கடன் கொடுக்கக்கூடாது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்ற விவரத்தாளைப் புரிகிற மொழியில் தர வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வசூல், இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வசூலிப்பவர் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து தொல்லை கொடுப்பது, உறவினரை மிரட்டுவது, பெயரை ஊரறியச் சொல்லி அவமானப்படுத்துவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. புகாரைக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்; தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கிக்கே எழுதலாம்.